ஊர்க் கடைகளுக்கு ஒரு தள்ளுபடி அட்டை: தொடங்குவது எப்படி?

பெருநாள் ஜவுளிக்கு மதுரைக்கு பஸ் ஏறுகிற பழக்கம் கீழக்கரையில் இன்னும் போகவில்லை. மீதியை ஆன்லைன் அள்ளுகிறது. அதனால் பஜார்க் கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து ஓர் அட்டை போட்டோம். ஏர்வாடி, மண்டபம் பக்கமிருந்து விவரம் கேட்கிறவர்களுக்காக இது.

1. கடைகள்

மளிகை, ஜவுளி, பேக்கரி, தையல், செல்போன் ரிப்பேர் என்று கலந்து சேருங்கள். விலை நிலையாக இல்லாத கடை வேண்டாம். ராமேஸ்வரம் சங்கு, சிப்பிக் கடைகளைச் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். பேரம் பேசி வாங்குகிற இடத்தில் 10 சதவீதத் தள்ளுபடியை எதிலிருந்து கழிப்பது?

2. எவ்வளவு தள்ளுபடி?

எல்லாரும் முட்டிக்கொள்கிற இடம் இதுதான். 'எல்லாக் கடையிலும் 10 சதவீதம்' என்று அச்சடித்தால் பார்க்க அழகாக இருக்கும். மளிகைக்கடை காக்கா (எங்கள் ஊரில் அண்ணன்) ஒரே வாரத்தில் அட்டையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். 100 ரூபாய்ச் சரக்கில் 20 ரூபாய் லாபம் என்றால் 10 ரூபாய் தள்ளுபடியில் பாதி லாபம் போச்சு. பழைய லாபத்தைப் பார்க்க இரண்டு மடங்கு விற்றாக வேண்டும். சீனியிலும் எண்ணெயிலும் அந்த 20 ரூபாயே நிற்காது.

அதனால் அவரவருக்குக் கட்டுப்படியாவதை அவரவரே சொல்லட்டும். பேக்கரியில் தொதல் என்கிற இனிப்புக்கு மட்டும், தையல்கடையில் சேலை ஓரம் அடிப்பது இலவசம், இப்படி. கடைக்கு ஒரே வரி. முதலாளி தொழுகைக்குப் போன நேரத்தில் கல்லாவில் நிற்கிற பையன் அதைப் படித்த கையோடு கழித்துக் கொடுக்க முடிய வேண்டும். 'முதலாளி வரட்டும்' என்று அவன் சொல்லிவிட்டால், வந்தவர் அடுத்த முறை அட்டையை வெளியே எடுக்க மாட்டார். அந்த வரியைக் கல்லா மேசையிலேயே ஒட்டிவிடுங்கள்.

ஜிஎஸ்டி பில் போடுகிற கடைகள் தள்ளுபடியைப் பில்லிலேயே கழித்துக் காட்டட்டும். கழித்தது போகத்தான் வரி.

3. அட்டை

ஆப் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. இங்க்ஜெட் பிரிண்டும் வேண்டாம், மீன் வாங்கிய ஈரக் கையில் மை கரையும். லேசர் பிரிண்ட் எடுத்து, முதலில் தாளை அளவாக வெட்டி, பிறகு லாமினேஷன் செய்து, சுற்றிலும் கொஞ்சம் பிளாஸ்டிக் ஓரம் விட்டு நறுக்குங்கள். லாமினேஷனுக்குப் பிறகு தாளோடு சேர்த்து வெட்டினால் ஓரம் வழியே தண்ணீர் இறங்கி அட்டை உப்பிவிடும். லாமினேஷன் கடைக்காரர் பலர் இந்த ஓரத்தைக் கத்தரிக்கத்தான் பார்ப்பார்கள், பக்கத்திலேயே நில்லுங்கள்.

4. தேதி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. பாம்பன், மண்டபத்தில் அப்போது புது அட்டை விற்க இறங்காதீர்கள். பழைய அட்டை மட்டும் அந்த நாட்களிலும் செல்லட்டும். ரமலான் வருஷா வருஷம் 10, 11 நாள் முன்னே வந்துவிடும். அட்டை முடியும் தேதியைப் பெருநாளுக்குப் பிறகு வையுங்கள்.

5. பதிவு

ஒரு நோட்டு போதும். அட்டை எண், பெயர், தெரு. ஆதார் கேட்டால் ஆள் வராது.

பிறகு சேர்த்தது: கருத்துகளில் இரண்டு சிக்கல் வந்தன. அட்டை சபுராளி (வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்) பெயரில் இருக்கிறது, அவர் துபாயில், கடைக்கு வருவது அவர் உம்மா. ஆள் பெயருக்குப் பதில் வீட்டுப் பெயரை எழுதிவிடுங்கள், யார் கொண்டுவந்தாலும் செல்லும். இரண்டாவது, பற்று எழுதி வாங்குகிறவருக்குத் தள்ளுபடி உண்டா? கிடையாது. கைக்காசு அல்லது ஜிபே. இந்த ஒரு நிபந்தனையை மட்டும் எல்லாக் கடைக்கும் பொதுவாக அட்டையின் பின்புறம் பெரிய எழுத்தில் போடுங்கள்.