சும்மா சும்மா கட் ஆன லேன் கேபிள்

எங்க வீடு சென்னை காசிமேட்டுல, கடலுக்கு ரொம்பக் கிட்ட. ரவுட்டர்ல இருந்து கம்ப்யூட்டருக்கு லேன் கேபிள்ல வர்ற நெட் சும்மா சும்மா கட் ஆகும். வைஃபை மட்டும் ஒழுங்கா ஓடும். அப்போ கோளாறு ரவுட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுலதான். கம்ப்யூட்டர்ல லிங்க் வேகம், அதாவது கேபிள் இணைப்போட வேகம், 1000க்குப் பதிலா 100 எம்பிபிஎஸ் காட்டுச்சு. கிகாபிட்டுக்கு, அதாவது 1000க்கு, கேபிளுக்குள்ள இருக்குற எட்டு கம்பியும் வேணும்; 100க்கு 1, 2, 3, 6-ம் நம்பர் கம்பிங்க போதும். மொட்டை மாடி பக்கம் கேபிள் நுனில இருந்த ஜாக்கை டார்ச் அடிச்சுப் பார்த்தா, பின்னுல பச்சை பூத்திருக்கு. உப்புக்காத்து! இங்க ஜன்னல் கம்பியே தாங்காது. செம்பு பளபளன்னு தெரியுற வரைக்கும் வெட்டி, ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்புன்னு அடுக்கி புது ஜாக்கை கிரிம்ப் பண்ணேன், அதாவது இறுக்கிப் பொருத்தினேன். இப்போ 1000 காட்டுது. சென்னை எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்ல கேபிள் வாங்கினா முழு செம்பான்னு கேளுங்க. செம்பு பூசின அலுமினியம் மடக்கி மடக்கி விட்டா சீக்கிரம் ஒடிஞ்சிடும்.