விட்டத்தை மட்டும் சொல்லி பிட் வாங்காதீர்கள்

ஹார்டுவேர் கடையில் "35 எம்.எம். பிட் கொடுங்க, மரத்துக்கு" என்று கேட்டால் (பிட் என்பது டிரில் மெஷினில் மாட்டித் துளை போடும் முனை) நான்கு விதமான பொருள்களில் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம்: தட்டையான ஸ்பேட் பிட், ஃபோர்ஸ்ட்னர், முறுக்கிய ஆகர், கிண்ணம் போன்ற ஹோல் சா. துளையின் அகலம் நான்கிலும் ஒன்றுதான். ஆனால் ஒன்று செய்யும் வேலையை இன்னொன்று செய்யாது. துளை மறுபக்கம் வெளியே வர வேண்டுமா, பாதியில் நிற்க வேண்டுமா, எவ்வளவு ஆழம், என்ன மரம் என்பதையும் சேர்த்துச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

அதிகம் கெட்டுப்போவது அலமாரிக் கதவுதான். ஆட்டோ ஹிஞ்ச் (கதவுக்குள் கிண்ணம் போலப் பதியும் கீல்) உட்கார 35 மி.மீ. அகலத்தில், ஏறத்தாழ 12 மி.மீ. ஆழத்துக்குக் குழி வேண்டும். கதவு 18 மி.மீ. பிளைவுட் என்றால் அடியில் மிஞ்சுவது 6 மி.மீ. விலை குறைவு என்று ஸ்பேட் பிட் போட்டால், அதன் நடுமுனையே பெரும்பாலும் 10 மி.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். குழி முடிவதற்குள் முனை மறுபக்க மைக்காவைக் குத்திவிடும். அப்புறம் அதை ஒட்டுப்போட்டு மறைக்க முடியாது. ஹோல் சாவும் இங்கே உதவாது; அது வளையமாக அறுக்குமே தவிர, உள்ளே இருக்கும் மரத்தை எடுக்காது. இந்த வேலைக்கு ஃபோர்ஸ்ட்னர்தான். முனை குட்டை, அடி தட்டையாக வரும். அமெரிக்கரான பெஞ்சமின் ஃபோர்ஸ்ட்னர் 1874இல் காப்புரிமை பெற்ற பிட் இது. விளிம்பு வட்டமே வழி காட்டுவதால், பலகை ஓரத்தைத் தொட்டபடிகூட, பலகையை நன்றாகப் பிடித்துக்கொண்டால் அரைவட்டக் குழி எடுக்கலாம். பிளைவுட், எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) இரண்டிலும் உள்ள பசை சாதாரண எஃகின் கூரைச் சீக்கிரம் தின்றுவிடும். ஹிஞ்ச் வேலை நிறைய இருந்தால் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளில் முனை வைத்ததை வாங்குங்கள். கொடுத்த காசு வீண்போகாது.

கதவில் உருண்டைப் பூட்டு மாட்டுவது வேறு கதை. 54 மி.மீ. துளை, கதவு முழுக்க ஊடுருவ வேண்டும். அதற்கு ஹோல் சா சரி. ஆனால் 19 முதல் 64 மி.மீ. வரை வளையங்களை ஒரே தட்டில் செருகும் மலிவான செட்டை வாங்குகிறார்கள். அதன் பற்கள் பெரும்பாலும் ஓர் அங்குலம்கூட இறங்காது, வளையமும் ஆடும். பைமெட்டல் (இரண்டு உலோகம் சேர்த்துச் செய்த) ஹோல் சா தனியாக வாங்கினால் ஏறத்தாழ 38 மி.மீ. இறங்கும். ஒரே பக்கத்திலிருந்து முழுதும் அறுப்பது அடுத்த தவறு; வெளியே வரும் இடத்தில் நார் பிய்ந்துகொண்டு வரும். நடு பிட்டின் நுனி மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, அங்கிருந்து மீதியை அறுக்க வேண்டும். தூள் வெளியேற இடமில்லாததால்தான் ஹோல் சா புகைகிறது. முதலில் லேசாக வட்டக் கோடு பதித்து, அந்தக் கோட்டின் மேலேயே சின்ன ஓட்டை ஒன்று ஊடுருவப் போட்டுவிட்டால் தூள் அதன் வழியே கொட்டிவிடும். பலர் செய்யாத இந்தச் சின்ன வேலை பாதி சிரமத்தைக் குறைக்கும்.

இருக்கும் துளையைப் பெரிதாக்க ஸ்பேட் பிட்டை நுழைப்பது இன்னொரு தவறு. "முதலில் 10, அப்புறம் 16, அப்புறம் 25" என்று படிப்படியாகப் போவது இரும்பு வேலைப் பழக்கம். மரத்தில் நடுமுனைக்குப் பிடிமானம் போய், பிட் குதித்து விளிம்பைக் கடித்துவிடும். பெரிய பிட்டையே முதலில் வைக்க வேண்டும். ஏற்கெனவே துளை இருந்தால், அதே அளவு மரக்கட்டையைச் செருகி அடைத்துவிட்டு நடுவில் தொடங்கலாம்.

ஆழமான துளைக்கு, உதாரணமாகக் கட்டில் காலுக்கோ நிலைச் சட்டத்துக்கோ, ஆகர் அருமையானது. அதன் திருகுமுனை தானாகவே உள்ளே இழுத்துக்கொண்டு போகும். ஆபத்தும் அங்கேதான். மெஷினை வேகமாக ஓட்டினால் பிட் சிக்கிக்கொண்டு மெஷின் சுழலும், மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். பக்கக் கைப்பிடி இல்லாமல் தொடாதீர்கள். கையுறையும் தோளில் துண்டும் வேண்டாம்.

வீடுகளில் இருக்கும் டிரில்களில் பல, சுமையில்லாமல் நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல் ஓடுபவை. கடின மரத்தில் 35 மி.மீ. ஃபோர்ஸ்ட்னருக்கு 500 சுற்றே தாராளம். அதற்கு மேல் போனால் மரம் கருகும், கூர் மழுங்கும். ஸ்பேட் பிட்டுக்கு மட்டும் கொஞ்சம் வேகம் வேண்டும். சுவரில் துளையிட இடித்து இடித்துச் சுழலவைக்கும் ஹேமர் பொத்தானை மரத்தில் எப்போதும் அணைத்தே வைக்கவும்.

கடையை விட்டுக் கிளம்பும் முன் பிட்டின் தண்டைப் பாருங்கள். தண்டு 13 மி.மீ., உங்கள் மெஷினின் சக் (பிட்டைக் கவ்வும் வாய்) 10 மி.மீ. என்றால் அது உள்ளேயே போகாது.