வேலூரை ஓடிப் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வழிகாட்டி ஒருவர் முன்னால் ஓடுவார். பத்துப் பேர் அவருக்குப் பின்னால் ஓடுவார்கள். ஊரின் முக்கியமான இடங்களில் நின்று கதை கேட்டுவிட்டு மறுபடியும் ஓடுவார்கள். ஓட்டச் சுற்றுலா என்பது இவ்வளவுதான். ரோம், நியூயார்க் போன்ற நகரங்களில் இது நன்றாகவே வேரூன்றிவிட்டது. வேலூருக்கும் இது கச்சிதமாகப் பொருந்தும். கோட்டை, கோயில், மணிக்கூண்டு, பாலாற்றங்கரை எல்லாம் ஒன்றுக்கொன்று பக்கம். காரில் போனால் நிறுத்த இடம் தேடியே காலைப்பொழுது போய்விடும், நடந்து போனால் வெயில் முந்திக்கொள்ளும்.

இருந்தும் இப்படிக் கிளம்புகிற கூட்டங்களில் பாதிப் பேர் நடுவழியிலேயே சலித்துப்போகிறார்கள். கேட்டால் கால் வலி என்பார்கள். உண்மையில் எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது, அங்கே எதைச் சொல்வது என்பதை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். பத்து கிலோமீட்டர் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குள் இடங்களைத் திணிப்பார்கள். மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளைக்கின்றன. நிற்கப்போகும் இடங்களை முதலில் குறித்துக்கொண்டால் தூரம் தானாக அமைந்துவிடும். அது ஐந்து கிலோமீட்டராக இருந்தால்தான் என்ன?

கையில் கட்டிய கடிகாரம்

மாரத்தான் பயிற்சியில் இருப்பவர்கள் கூட்டத்தில் சேர்ந்தால் ஒரு சிக்கல் உறுதி. ஒரு கிலோமீட்டரை இத்தனை நிமிடத்தில் முடித்தாக வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நின்றால் சராசரி கெட்டுவிடும். மற்றவர்கள் கோட்டைச் சுவரின் கற்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, இவர்கள் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருப்பார்கள். கதை சொல்பவருக்கு இதைவிட எரிச்சலூட்டும் காட்சி வேறு இல்லை. பயிற்சி வேண்டுமென்றால் மறுநாள் தனியாக ஓடிக்கொள்ளலாம்.

பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்லி முடிக்க முடிந்தால் அதுதான் சரியான வேகம். கூட்டத்திலேயே மெதுவாக ஓடுபவர் எவரோ, அவருடைய வேகம்தான் எல்லாருக்கும். கோட்டை மைதானத்தில் தினமும் நடக்க வரும் பெரியவர்களுக்கு இந்தக் கூட்டங்களைக் கண்டால் வேடிக்கை. "ஏன் தம்பி, நீங்கள் கோட்டையைத் துரத்துகிறீர்களா, கோட்டை உங்களைத் துரத்துகிறதா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. சுற்றுலா என்ற சொல்லை மட்டும் நம்பி, பல மாதங்களாக ஓடாதவர்கள் வந்துவிடுவது. வரக் கூடாது என்பதில்லை. கொஞ்சம் ஓடிக் கொஞ்சம் நடந்தே முழு வழியையும் முடிக்கலாம். ஆனால் அதை வழிகாட்டியிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் மூன்றாவது கிலோமீட்டரில் எப்படியும் தெரிந்துவிடும். அன்றைக்கென்று புது ஷூ போட்டுக்கொண்டு வருபவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, கொப்புளம் சொல்லிக்கொள்ளும்.

நிற்பதற்கும் முறை உண்டு

ஓடி வந்த வேகத்தில் சட்டென்று நின்று, கையைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் கதை கேட்டால் சிலருக்குத் தலை சுற்றும். ஓடும்போது கால் தசைகள் சுருங்கி விரிந்து இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கின்றன. திடீரென நின்றால் அந்தத் தள்ளல் நின்று, இரத்தம் காலிலேயே தேங்கி, இரத்த அழுத்தம் இறங்குகிறது. அதனால் நிற்கப்போகும் இடத்துக்கு முந்தைய நூறு மீட்டரை நடந்து கடப்பது நல்லது. நிற்கும்போதும் ஒரு கால் மாற்றி மறு கால் என்று அசைந்துகொண்டே இருக்க வேண்டும். ஓர் இடத்தில் ஐந்தாறு நிமிடத்துக்கு மேல் பேசும் வழிகாட்டி எவ்வளவு படித்தவராக இருந்தாலும் தவறுதான் செய்கிறார். மறுபடி கிளம்பும்போதும் முதல் சில அடிகள் நடைதான்.

ஓடிக்கொண்டே கதை சொல்வது இன்னும் மோசம். முன்னால் இருக்கும் இருவருக்கு மட்டும் காதில் விழும். பின்னால் வருபவர்கள் "என்ன சொன்னார்?" என்று கேட்டுக்கேட்டு அடுத்தவர் காலை மிதிப்பார்கள்.

கதையை வாசலிலேயே கொட்டிவிடுவது

வேலூர்க் கோட்டைக்கு வந்துவிட்டு 1806 சிப்பாய்க் கிளர்ச்சியைச் சொல்லாமல் போக முடியாது. பலர் செய்வது, அகழிப் பாலத்துக்கு அருகே கூட்டத்தை நிறுத்தி, முழுக் கதையையும் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பது. பிறகு உள்ளே ஓடும்போது சொல்வதற்கு எதுவும் மிச்சமிருக்காது. மகால்கள் எல்லாம் வெறும் பழைய கட்டடங்களாகத் தோன்றும்.

இந்தக் கதையைத் துண்டு துண்டாக வழியில் வைத்தால்தான் கோட்டை பேசும். வாசலில் உடை விதிகளை மட்டும் சொல்லலாம். நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் வைத்த புது வகைத் தொப்பி அணிய வேண்டும் என்று தளபதி ஜான் கிரடாக் காலத்தில் வந்த கட்டளைகள், இந்துச் சிப்பாய்களையும் முஸ்லிம் சிப்பாய்களையும் ஒரே நேரத்தில் புண்படுத்தின. உள்ளே மகால்களுக்கு அருகே, 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு மைசூரை ஆண்ட திப்பு சுல்தானின் குடும்பம் இங்கே காவலில் வைக்கப்பட்டதையும், ஜூலை 9 அன்று திப்புவின் மகளுக்குத் திருமணம் நடந்ததையும் சொல்லலாம். மறுநாள் பொழுது விடிவதற்குள் கோட்டை சிப்பாய்களின் கையில் இருந்தது. மைசூரின் கொடி ஏறியது. அதற்கு அடுத்த நிறுத்தத்தில்தான் ஆற்காடு வர வேண்டும். சுமார் 25 கிலோமீட்டர் தூரத்திலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு விரைந்து வந்ததையும், பெரும்படை வந்து சேர்வதற்கு முன்பே கயிற்றைப் பிடித்துச் சுவர் ஏறியதையும் மதிலைப் பார்த்துக்கொண்டு கேட்பது வேறு அனுபவம். அப்போதுதான் மூன்று கிலோமீட்டர் ஓடி வியர்த்திருப்பவர்களுக்கு 25 கிலோமீட்டர் என்றால் என்ன என்று உடம்புக்கே புரியும். கோட்டை மீண்டும் ஆங்கிலேயர் வசமானதும் சுமார் நூறு சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். இதைச் சொல்லிவிட்டு உடனே 'சரி, ஓடலாம்' என்று கைதட்டும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். அரை நிமிடம் பொறுத்தால் குடி முழுகிவிடாது.

1857-க்கு 51 ஆண்டுகள் முந்தையது என்று சொன்னால் போதும். முதல் சுதந்திரப் போர் எது என்ற வழக்கை மட்டும் அங்கே திறக்கக் கூடாது. கூட்டத்தில் மருது பாண்டியர்தான் முதலில் என்று வாதாடும் சிவகங்கைக்காரர் ஒருவர் இருந்துவிட்டால் வெயில் உச்சிக்கு ஏறிவிடும்.

இன்னொரு தவறு, கேட்டதையெல்லாம் வரலாறாகச் சொல்வது. அகழியில் பத்தாயிரம் முதலைகள் இருந்தன, கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரத்துக்குச் சுரங்கப்பாதை போகிறது என்பவை ஊரில் வழங்கும் கதைகள். தாராளமாகச் சொல்லலாம், கதை என்று சொல்லிவிட்டுச் சொல்ல வேண்டும்.

'தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை' என்று வேலூரைக் கிண்டல் செய்யும் பழைய பேச்சையும் பலர் அப்படியே ஒப்பிக்கிறார்கள். அந்தப் பட்டியலில் பெண்களைப் பற்றி ஒரு வரி உண்டு, அதை விட்டுவிடுவது மரியாதை. மற்றவற்றை ஒவ்வொரு நிறுத்தத்திலும் சரிபார்த்தால் நல்ல கதை கிடைக்கும். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981-இல் சிவலிங்கம் திரும்ப வைக்கப்பட்டு வழிபாடு தொடங்கிவிட்டது. அதற்கு முன் லிங்கம் நெடுங்காலம் சத்துவாச்சாரியில் இருந்தது. பாலாறு 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடியது. ராஜா இல்லாத கோட்டை என்பதும் பாதி உண்மைதான். ஆண்ட ராஜா இல்லாமல் இருந்திருக்கலாம், அடைபட்ட ராஜாக்களுக்குக் குறைவில்லை. திப்புவின் மக்களுக்குப் பிறகு இலங்கையிலுள்ள கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் இங்கேதான் கொண்டுவரப்பட்டார். 1832-இல் வேலூரிலேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவருடைய நினைவிடமான முத்து மண்டபத்தை வழித்தடத்தில் சேர்க்காதவர்கள் கோட்டைக் கதையின் கடைசி அத்தியாயத்தைக் கிழித்துவிடுகிறார்கள் என்பேன்.

ஆஸ்பத்திரி வாசலும் கடைவீதியும்

சி.எம்.சி. என்கிற கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இல்லாமல் வேலூரின் கதை இல்லை. 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவமனை, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும் வளர்ந்தது. சொல்ல வேண்டிய கதைதான். ஆனால் அதை அந்த வாசலில் நின்று சொல்லக் கூடாது. விடியற்காலையிலேயே அங்கே வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் கோப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பார்கள். சக்கர நாற்காலிகள் போய்க்கொண்டிருக்கும். பளபளக்கும் பனியன் போட்ட கூட்டம் நடைபாதையை அடைத்துக்கொண்டு குழுப்படம் எடுப்பது பார்க்கச் சகிக்காது. கோட்டைக்குள்ளேயே கதையைச் சொல்லிவிட்டு, அந்த வீதியை வரிசையாக, சத்தமில்லாமல், நடந்தே கடந்துவிடலாம்.

லாங் பஜாரில் வேறு விதமான கவனம் வேண்டும். மார்க்கெட்டுக்குச் சரக்கு இறங்கும் நேரம் அது. மிதிபட்ட முட்டைக்கோஸ் இலைகளும் வாழைச் சருகும் ஈரத்தோடு கிடக்கும், கால் வழுக்கும். மூட்டை தூக்கி வருபவருக்குத்தான் முதல் வழி. மணிக்கூண்டை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடாமல் அங்குள்ள கல்வெட்டைப் படித்துக் காட்டுங்கள். முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரிழந்தார்கள். உள்ளூர்க்காரர்களிலேயே பலர் அதைப் படித்ததில்லை.

சாலையில் ஓடும்போது எதிரே வரும் வண்டிகள் கண்ணுக்குத் தெரியும்படி வலது ஓரமாக ஒற்றை வரிசையில் ஓட வேண்டும். காதில் பாட்டு வேண்டாம். நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும், ஓட ஓட அதற்கு உற்சாகம்தான் கூடும்.

வெயிலோடு பந்தயம் வேண்டாம்

வெளியூர் வழிகாட்டிகள் அதிகம் தப்புக் கணக்குப் போடுவது இங்கேதான். சுற்றிலும் பாறைக் குன்றுகள். பகலெல்லாம் வாங்கிய சூட்டை அவை இரவெல்லாம் விட்டுக்கொண்டிருக்கும். அக்னி நட்சத்திரக் காலத்தில் விடியும்போதே காற்றில் சூடு தெரியும். ஏழு மணிக்குக் கூடுவோம் என்று மே மாதத்தில் அறிவிப்பவர் வேலூரில் ஒரு கோடையைக்கூடக் கழித்ததில்லை என்று அர்த்தம். வெளிச்சம் வந்ததும் கிளம்பி, ஏழரைக்குள் ஓட்டத்தை முடித்துவிட வேண்டும். டிசம்பர், ஜனவரியில் இந்த அவசரம் இல்லை. ஆறரை வாக்கில்தான் நன்றாக விடியும்.

தண்ணீரிலும் இரண்டு தவறுகள் உண்டு. ஒன்று குடிக்காமலே ஓடுவது, மற்றொன்று பயத்தில் பாட்டில் பாட்டிலாகக் குடிப்பது. அளவுக்கு மீறிய தண்ணீர் இரத்தத்தில் சோடியத்தை நீர்த்துப்போகச் செய்யும், அதுவும் ஆபத்துதான். தாகம் எடுக்கும்போது குடித்தால் போதும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. அதனால் நன்றாக வியர்த்தவருக்கு உப்புப் போட்ட மோர் கூடுதலாக உதவும். யாராவது பேச்சுக் குழறித் தள்ளாடினால் அது வெறும் களைப்பு என்று உட்கார வைத்துவிடக் கூடாது. நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிவிட்டு, 108-ஐ அழைக்க வேண்டும். பக்கத்திலேயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது என்ற தைரியத்தில் வழித்தடம் போடுகிறவர்களும் உண்டு, என்ன சொல்வது!

கோயிலை நடுவில் வைப்பது

ஜலகண்டேஸ்வரர் கோயிலை ஓட்டத்தின் நடுவில் வைத்தால் எல்லாமே குலையும். அரைக்கால் சட்டையோடு உள்ளே போவது முறையில்லை. ஷூவைக் கழற்றி, வியர்த்த காலுறையைச் சுருட்டி வைத்து, திரும்ப மாட்டுவதற்குள் கால் மணி நேரம் போய்விடும். வியர்வை சொட்டச் சன்னிதியில் நிற்பது மற்ற பக்தர்களுக்கும் சங்கடம். ஓட்டத்தைக் கோட்டையிலேயே முடித்து, முகம் கழுவி, பையில் கொண்டுவந்த வேட்டியையோ சுடிதாரையோ மாற்றிக்கொண்டு, அப்புறம் நிதானமாகப் போகலாம். ரொம்பவும் தாமதிக்கக் கூடாது. வெயில் ஏறிவிட்டால் வெளிப்பிரகாரக் கல் உள்ளங்காலைப் பொசுக்கிவிடும்.

உள்ளே கல்யாண மண்டபத்துக்கு மட்டுமே அரை மணி நேரம் ஒதுக்கலாம். காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் ஒன்று அங்கே இருக்கிறது. கொஞ்சம் தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையை நீட்டி ஓர் உடலை மறைத்தால் யானை தெரியும். கையை நகர்த்தி மறு உடலை மறைத்தால் அதே தலை காளையாகிவிடும். ஒன்றின் கொம்பு இன்னொன்றின் தந்தமாக மாறும் இடத்தைக் கண்டுபிடிக்கக் குழந்தைகளை விட்டால் பெரியவர்களை முந்திக்கொள்வார்கள். ஓடுகிற அவசரத்தில் வருபவர்கள் இதைத் தூண் என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

பின்னால் யாரும் இல்லாமல் ஓடுவது

வழிகாட்டி முன்னால் ஓடினால், கடைசியில் ஓடுவதற்கும் வழி தெரிந்த ஒருவர் வேண்டும். சந்து பொந்துகள் நிறைந்த லாங் பஜாரில் ஒருவர் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்து நிமிர்வதற்குள் கூட்டம் கண்ணிலிருந்து மறைந்துவிடும். கிளம்பும்போதும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ண வேண்டும். முடிந்தபின் எல்லாரும் டீக்கடையைப் பார்த்துத்தான் போவார்கள். கடைசி ஆள் வந்து சேரும்வரை வழிகாட்டி கிளாஸைக் கையில் வாங்கக் கூடாது.