போனில் ஆள் தேர்வு: சறுக்கும் இடங்கள்

திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டரை ஆரம்பத்திலிருந்து ஷிப்மெண்ட் வரை கவனிப்பவர், தேவை என்று போட்டால் பயோடேட்டா குவிந்துவிடும். எல்லோரையும் நேரில் கூப்பிட முடியாது, அதனால்தான் முதலில் போன். அந்தப் பத்து நிமிடத்தில் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டால், வருகிறேன் என்றவர் வரமாட்டார். வந்தவர் சம்பளத்தைக் கேட்டதும் எழுந்து போவார்.

பெரிய தவறு, ‘சரிங்க’ என்பதை நம்பிவிடுவது. நம்ம பக்கத்து ஆட்களுக்கு முடியாது என்று பட்டென்று சொல்ல வராது. “காலைல எட்டரைக்கு வரோணும், பரவால்லைங்களா?” என்றால் “சரிங்க” என்றுதான் பதில் வரும். அதையே “தினமும் எப்படி வருவீங்க?” என்று கேளுங்கள். “கோபியில இருந்துங்க, குன்னத்தூர் வழியா பஸ்லதான்…” என்று இழுக்கும்போதே விஷயம் பிடிபட்டுவிடும். கம்பெனி பெருமாநல்லூரில் இருந்தால் அது அவர் வரும் வழிதான். பல்லடம் ரோட்டில் இருந்தால் திருப்பூரையும் தாண்ட வேண்டும். விளம்பரத்தில் இரண்டுக்கும் ‘திருப்பூர்’ என்றுதானே போடுகிறோம்!

சம்பளத்தை நேரில் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதும் வீண் அலைச்சல்தான். ஒரு தொகையைச் சொன்னால் மட்டும் போதாது, கையில் எவ்வளவு வரும் என்றும் சொல்ல வேண்டும். மொத்தம் 20,000, அதில் அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். அடிப்படையில் பிஎஃப் 12 சதவீதம் 1,800, மொத்தத்தில் இஎஸ்ஐ 0.75 சதவீதம் 150 போக மிஞ்சுவது 18,050. தையல் பிரிவுக்கு ஆளெடுத்தால், சொல்வது ஒரு ஷிஃப்ட் கணக்கா, இரவு எட்டரை வரை நீளும் ஒன்றரை ஷிஃப்ட் கணக்கா என்பதையும் உடைத்துச் சொல்லிவிடுங்கள். கோவையில் ஃபவுண்டரியில் எட்டு மணி நேர ஷிஃப்ட் பார்த்தவருக்கு ஒன்றரை ஷிஃப்ட் என்பதே புதிதாக இருக்கும்.

அப்புறம், சரளமான பேச்சில் மயங்குவது. இங்கிலீஷில் பிளந்துகட்டுபவர் லேப் டிப் அப்ரூவல், அதாவது சாயம் போட்ட மாதிரித் துணியின் நிறத்துக்கு ஆர்டர் கொடுத்த பையரின் சம்மதம், வாங்கியே இருக்கமாட்டார். பையரிடம் நேரடியாகப் பேசும் வேலை என்றால் இங்கிலீஷைச் சோதியுங்கள், நியாயம். மற்றபடி, “கடைசியா பார்த்த ஆர்டரை நூல் வாங்கினதுல இருந்து ஷிப்மெண்ட் வரைக்கும் சொல்லுங்க” என்பது போதும். நிஜமாகவே வேலை பார்த்தவர், கேட்காமலே சாயப்பட்டறையில் துணி மாட்டிக்கொண்ட கதைக்கு வந்துவிடுவார். பார்க்காதவர் நிட்டிங், டையிங், கட்டிங் என்று பாடப்புத்தக வரிசையில் ஒப்பிப்பார். ஓவர்லாக் டெய்லரிடம் இந்தக் கேள்வியெல்லாம் வேண்டாம். அவர் திறமை மெஷினில் உட்கார்ந்தால்தான் தெரியும். கூலி, தங்குமிடம், கம்பெனி வண்டி இவற்றைப் பேசிவிட்டு வரச்சொல்லுங்கள்.

“எந்த ஊருங்க?” என்று ஆரம்பித்து, “அங்க யாரு வீடு?” என்று சுற்றி வளைத்து, ‘நம்மாளுகளா’ என்று தெரிந்துகொள்ளும் பழக்கம் இங்கே பலருக்கு உண்டு. கேட்பவருக்கு அது சும்மா பேச்சு. எதிர்முனையில் இருப்பவருக்கு அது எதற்கென்று நன்றாகவே தெரியும். பெண்களிடம் “கல்யாணம் எப்போ?” என்பதும் இதே ரகம். ஆளெடுப்பதில் பெண்ணென்று பாகுபாடு காட்டக்கூடாது என 1976-லேயே சட்டம் வந்துவிட்டது.

இப்போது வேலையில் இருப்பவரை ஷிஃப்ட் நேரத்தில் அழைக்காதீர்கள். பக்கத்தில் சூப்பர்வைசர் நின்றால் அவர் என்ன பேசுவார்? முதலில் வாட்ஸ்அப்பில் கம்பெனி பெயரைச் சொல்லி நேரம் கேளுங்கள். வேலை தருவதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் ஆட்கள் பெருத்துவிட்டதால், தெரியாத நம்பர் என்றாலே பலர் எடுப்பதில்லை.

பேசி முடித்த கையோடு, வரவேண்டிய நாள், நேரம், லொகேஷன், யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள். வருபவரின் பெயரை கேட் செக்யூரிட்டியிடமும் கொடுத்து வையுங்கள். இல்லாவிட்டால், கோபியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, “யார் வரச்சொன்னாங்க?” என்று அவர் விசாரித்துக்கொண்டிருப்பார்.