கார்புரேட்டரைத் தொடும் முன் டேங்கைப் பாருங்கள்

அரியலூர் பக்கம் பால் ஊற்றுகிறேன். காலை 4.30 மணிக்கு 2 கேனில் 40 லிட்டர் பாலோடு வண்டி கிளம்பியாக வேண்டும். வண்டி 2009 மாடல் ஸ்பிளெண்டர் பிளஸ். போன வருஷம் ஒரு வியாதி வந்தது. சோக் (குளிர்ந்த வண்டியை எழுப்பப் பெட்ரோலைக் கூட்டும் நெம்பு) போட்டால் ஓடும், சோக்கை எடுத்தால் நின்றுவிடும். ஒர்க்‌ஷாப்பில் 2 மாதத்தில் 3 முறை கார்புரேட்டரை, அதாவது பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் சாமானை, கழுவிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் பத்து நாள்தான் தாங்கியது. மூன்றாவது முறை சித்திரை வெயிலில் நடுரோட்டில் நின்று ஒரு கேன் பால் திரிந்துபோனது. அன்றைக்கு மத்தியானமே நானே பிரித்தேன். கார்புரேட்டரின் கீழே பெட்ரோல் தேங்கும் கிண்ணமான பவுலின் அடியில் செங்கல் பொடி மாதிரி செக்கச்செவேலென்று துரு. அது டேங்கிலிருந்து இறங்கியது. டேங்கைத் தொடாமல் கார்புரேட்டரை மட்டும் எத்தனை முறை கழுவினாலும் இதுதான் கதி.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்த பிறகு விற்ற வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்‌ஷன்தான். நான் சொல்வது அதற்கு முந்தைய கார்புரேட்டர் வண்டிகளுக்கு.

இன்ஜின் நன்றாக ஆறட்டும். வெட்டவெளியில் உட்காருங்கள், பக்கத்தில் அடுப்போ பீடியோ இருக்கவே கூடாது. டேங்கின் அடியிலுள்ள பெட்ரோல் காக்கை (திறந்து மூடும் குழாய்) மூடி, பெட்ரோல் டியூபை கார்புரேட்டரிலிருந்து உருவி, ஒரு கண்ணாடி பாட்டிலுக்குள் விட்டுக் காக்கைத் திறங்கள். தாரை அறுபடாமல் விழ வேண்டும். விட்டுவிட்டு விழுந்தால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். திறந்ததும் வேகம் எடுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அப்போதும் சொட்டினால் காக் வலையில் அடைப்பு. பிடித்த பெட்ரோலை அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் துருவும், தனியாக உருளும் தண்ணீரும் தெரியும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து அது பிரிந்து அடியில் தங்கிவிடும். வண்டி நிற்க நிற்க டேங்க் உள்ளே துருப்பிடிக்கும்.

என் டேங்கைக் கழற்றி, காக்கையும் எடுத்துவிட்டு, துளையை அடைத்து, ஒரு லிட்டர் டீசலும் 25 சின்ன நட்டும் போட்டுக் குலுக்கினேன். போட்ட நட்டை எண்ணி வையுங்கள், வெளியே வந்ததையும் எண்ணுங்கள். மூன்றாவது தடவைதான் டீசல் தெளிவாக வந்தது. கடைசியில் கொஞ்சம் பெட்ரோலால் அலசி, காக் வலையைப் பழைய பல் பிரஷால் தேய்த்துப் பூட்டினேன்.

அடுத்தது கார்புரேட்டர். பவுல் அடியில் உள்ள ஸ்க்ரூவைத் திறந்து வடியுங்கள். மேல் மூடியைக் கழற்றி, ஆக்சிலேட்டரை முறுக்கினால் ஏறி இறங்கும் ஸ்லைடை ஊசியோடு பக்குவமாகத் தூக்குங்கள். ஊசி வளைந்தால் வேலை கெட்டது. காற்று, பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் டியூனிங் ஸ்க்ரூவை எடுக்கும் முன், உள்பக்கமாக மெதுவாக முட்டும் வரை திருப்பி எத்தனை சுற்று என்று எழுதிக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது அந்த எண்ணிக்கைதான் வழிகாட்டி. முட்டிய பிறகு இறுக்கினால் நுனி நசுங்கிவிடும்.

பவுலைத் திறந்து, ஃப்ளோட் பின்னைத் தள்ளினால் ஃப்ளோட்டும் (மிதவை) பெட்ரோல் வரத்தை அடைக்கும் சின்ன ஊசியும் கையில் வரும். ஊசி நுனியை நகத்தால் தடவிப் பாருங்கள். வளையமாகப் பள்ளம் தட்டுப்பட்டால் மாற்றுங்கள்; பெட்ரோல் ஓவர்ஃப்ளோ ஆவது பெரும்பாலும் அதனால்தான். ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை.

இனி ஜெட், பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள பித்தளைத் துண்டு. அவசரமே படாதீர்கள். பித்தளை மெத்தென்றது, காடிக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவரால்தான் கழற்ற வேண்டும். கழற்றி வானத்தைப் பார்த்துப் பிடியுங்கள். மெயின் ஜெட்டில் வெளிச்சம் வட்டமாகத் தெரியும். ஆக்சிலேட்டரை முறுக்காதபோது பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட்டின் துளை மயிரிழை அளவுதான். என்னுடையதில் வெளிச்சமே இல்லை. சோக் இல்லாமல் வண்டி ஓடாததற்கு அதுதான் காரணம். கம்பியோ ஊக்கோ விட்டுக் குத்தாதீர்கள். துளை ஒரு இழை அகன்றால் வண்டி பெட்ரோல் குடிக்கும், பிறகு எந்த டியூனிங்குக்கும் அடங்காது. கார்ப் கிளீனரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, மீன்பிடி நைலான் நரம்பில் மெல்லியதாகப் பார்த்து நுழைத்தேன். பழுப்பாக ஒரு பிசின் துண்டு வெளியே வந்தது, கடுகில் கால்வாசி இருக்கும். என்னை 2 மாதம் அலைக்கழித்தது அது.

ரப்பர் சாமான்களை எல்லாம் எடுத்த பிறகே கிளீனர் அடியுங்கள். பாடியில் உள்ள ஒவ்வொரு துளையிலும் அடித்து, மறுபக்கம் எங்கே பீய்ச்சுகிறது என்று பாருங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். எந்தத் துளை முகத்துக்கு நேராக இருக்கும் என்று சொல்ல முடியாது. பிறகு காற்று. பஞ்சர் கடை அண்ணனிடம் கேட்டால் ஒரு நிமிட வேலை. பவுலின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) பெட்ரோலில் ஊதி, காடிக்குள் உட்காராமல் அடம்பிடிக்கும். கொஞ்ச நேரம் காற்றாட வைத்தால் சுருங்கும். புதிது வாங்கிப் போடுவது இன்னும் நல்லது.

பூட்டும்போது ஸ்லைடில் உள்ள காடி, பாடிக்குள் இருக்கும் பின்னில் உட்கார வேண்டும். இன்ஜினை எழுப்பும் முன் ஆக்சிலேட்டரை முறுக்கி விடுங்கள். 'டக்'கென்று மூடும் சத்தம் கேட்க வேண்டும். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பியும் பாருங்கள். சத்தம் வராவிட்டால் கிக்கரைத் தொடவே வேண்டாம், வண்டி உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும். காக்கைத் திறந்து 2 நிமிடம் கசிவு பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி சூடான பிறகுதான் ஸ்லோ ஸ்பீடு (ஆக்சிலேட்டரை முறுக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) வைக்க வேண்டும்.

எங்கள் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரி ஓயாமல் ஓடுகிறது. அதனால் அன்றைக்கே ஏர் ஃபில்டரையும் மாற்றினேன். காகித ஃபில்டரைத் துவைக்கக் கூடாது. கழுவிய பெட்ரோலையும் டீசலையும் சாக்கடையிலோ கிணற்றுப் பக்கமோ ஊற்றாதீர்கள். நான் மூடி போட்ட கேனில் சேர்த்து வைத்து, பழைய ஆயில் எடுக்க வருகிறவரிடம் கொடுக்கிறேன். ஒரு மாதத்துக்கு மேல் வண்டி நிற்கப்போகிறது என்றால் காக்கை மூடி, பவுலை வடித்துவிட்டு நிறுத்துங்கள்.