கூடாரம் பனியில் நனையாமலிருக்க

ஆற்றங்கரைப் பூங்காவில் குடும்பத்துடன் கூடாரமிட்டுத் தங்குவோர், நீரோரப் புல்வெளியை விட்டுச் சற்று மேடான இடத்தில் மரத்தடியில் அதை அமைத்தால், மறுநாள் காலையில் ஈரத்துணியை உலர்த்தக் காத்திராமல் அப்படியே மடித்துக்கொண்டு கிளம்பலாம். மேகமற்ற இரவில், திறந்த வானத்தின் கீழுள்ள கூடாரத்துணி வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுவதால் அதன்மேல் பனி படிகிறது. மேலே கவிந்த கிளைகள் அந்த இழப்பைக் குறைக்கின்றன. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் தாழ்வான நீரோரத்திலேயே தேங்கும். (அணை திறக்கப்படும் ஆறுகளில் மேட்டை நாடுவதற்கு இதைவிடப் பெரிய காரணமும் உண்டு: நீர்மட்டம் திடீரென உயரலாம்.) மழைநாளில் இது பயன்படாது, மழை விட்ட பின்னும் இலைகள் நெடுநேரம் சொட்டிக்கொண்டிருக்கும். காய்ந்த கிளை தொங்கும் மரத்தடி எந்த இரவிலும் வேண்டாம். காவிரிக்கரையின் பீமேஸ்வரி போல நிலையான கூடாரங்கள் உள்ள முகாம்களில் இதற்குத் தேவையிராது.