ஒரு செல், ஒரு ஒயர், ஒரு டார்ச் பல்பு: முதல் மின்சுற்று

ஒரு செல், ஒரு டார்ச் பல்பு, ஒரே ஒரு ஒயர். இந்த மூன்றையும் ஒரு மாணவனிடம் கொடுத்து "எரிய வை" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒயரின் ஒரு நுனியைச் செல்லிலும், மறு நுனியைப் பல்பின் அடியிலும் வைத்துவிட்டுக் காத்திருப்பான். எரியாது. குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி மின்சாரமும் வந்து பல்புக்குள் விழும் என்ற நினைப்புதான் காரணம். அந்த நினைப்பைக் கையால் செய்து பார்த்துத்தான் மாற்ற முடியும்.

வாங்க வேண்டியவை: 1.5 வோல்ட் டார்ச் செல் இரண்டு, 2.5 வோல்ட் டார்ச் பல்பு இரண்டு, ஒரு மீட்டர் மெல்லிய செம்பு ஒயர், இன்சுலேஷன் டேப். எல்.ஈ.டி. வேண்டாம், உள்ளே இழை தெரிகிற பழைய வகை பல்பாகக் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வீட்டுப் பிளக்கில் இருப்பது 230 வோல்ட், ஆளைக் கொல்லும். அதன் பக்கம் போகவே கூடாது. செல்போன் பேட்டரியும் வேண்டாம்.

படி 1: பல்பைப் பாருங்கள்

அவசரப்படாமல் பல்பைக் கண்ணருகே கொண்டு வாருங்கள். கண்ணாடிக்குள் இரண்டு தடித்த கம்பிகள், அவற்றின் நடுவே முடி போல மெல்லிய சுருள். அதுதான் டங்ஸ்டன் மின்னிழை. ஒரு கம்பி பக்கவாட்டில் உள்ள மரையோடு சேர்ந்திருக்கிறது. இன்னொன்று அடியில் உள்ள ஈயப்பொட்டோடு. இரண்டுக்கும் நடுவே மின்சாரம் கடத்தாத ஒரு வளையம். ஆக, பல்புக்கும் செல்லைப் போலவே இரண்டு முனைகள். பாதி பாடம் இங்கேயே முடிந்துவிட்டது.

படி 2: எரிய வையுங்கள்

ஒயரின் இரண்டு நுனிகளிலும் 2 செ.மீ. அளவுக்கு உறையைச் சீவி எடுங்கள். பல்பின் அடிப்பொட்டைச் செல்லின் மேல் குமிழில் வையுங்கள். ஒயரின் ஒரு நுனியைச் செல்லின் தட்டையான அடியில் டேப் போட்டு ஒட்டி, மறு நுனியால் பல்பின் மரையைத் தொடுங்கள். இழை சிவந்து மங்கலாக எரியும். இப்போது விரலால் அந்த வழியைத் தொடர்ந்து பாருங்கள்: குமிழ், பொட்டு, இழை, மரை, ஒயர், செல்லின் அடி, செல்லுக்குள்ளே போய் மறுபடி குமிழ். எங்கேயும் அறுபடாத ஒரு வட்டம். இதுதான் மின்சுற்று.

பல்பு இல்லாமல் ஒயரால் மட்டும் செல்லின் இரண்டு முனைகளையும் இணைத்துவிடாதீர்கள். ஒயரும் செல்லும் சுடும். அதன் பெயர் குறுக்குச்சுற்று.

படி 3: நடுவில் எதையாவது வையுங்கள்

ஒயரை நடுவில் வெட்டி, வெட்டிய நுனிகளுக்கு இடையே சாவி, ஸ்கேல், ரப்பர், நாணயம் என ஒவ்வொன்றாக வையுங்கள். எரிந்தால் கடத்தி, எரியாவிட்டால் காப்பான். பென்சிலை இரண்டு பக்கமும் சீவி, அதன் கரியையும் சோதியுங்கள். கரி ஓரளவுதான் கடத்தும் என்பதால் பல்பு மங்கும், சில பென்சிலில் எரியாமலும் போகும். மின்தடை என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது.

படி 4: இரண்டு பல்புகள்

செல்கள் இரண்டையும் வரிசையாக ஒட்டினால் 3 வோல்ட். பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாக அதே வட்டத்தில் இணைத்தால் தொடரிணைப்பு. ஒவ்வொன்றுக்கும் அந்த 3 வோல்ட்டில் பாதிதான் கிடைக்கும், இரண்டும் மங்கும். ஒன்றைக் கழற்றினால் மற்றதும் அணையும். திருவிழாக்களில் தொங்கவிடும் பழைய சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் வரிசையே அணைந்துவிடுவது இதனால்தான்.

அப்புறம் ஒவ்வொரு பல்பிலிருந்தும் தனித்தனியாக இரண்டு ஒயர்களைச் செல்லுக்கு இழுங்கள். இது பக்க இணைப்பு. இரண்டும் பிரகாசமாக எரியும். ஒன்றைக் கழற்றினாலும் மற்றது அணையாது. சமையலறை விளக்கை அணைத்த பிறகும் கூடத்து மின்விசிறி சுற்றுகிறதே, வீட்டு ஒயரிங் இந்த வகைதான்.

எரியவில்லையா? முதலில் ஒயர் நுனியைப் பாருங்கள். பழைய மோட்டாரில் எடுத்த செம்புக் கம்பியாக இருந்தால் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் பூச்சு இருக்கும். உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி தொடுங்கள்.